அசோக் குமாரா, அமெரிக்க நோட்டீஸா, ஆளைப் பிடிப்பதா?

புதுப் படத்தைத் திருட்டுத்தனமாக இணையத்தில் ஏற்றுகிறவர்களைத் தடுக்கத் தயாரிப்பாளருக்கு மூன்று வழிகள். முதல் வழி, நீதிமன்றத் தடை. ஊர் பேர் தெரியாத எதிரிக்கு இந்திய நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பெயர் அசோக் குமார். அமெரிக்கர்களின் ஜான் டோவுக்குத் தம்பி முறை. படம் வருவதற்கு முன்பே தயாரிப்பாளர் இந்த அசோக் குமார்கள் மீது தடை வாங்கிவிடலாம். 2018 நவம்பரில் ‘2.0’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கும்படி இணைய இணைப்பு தரும் 37 நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பூட்டு தொங்குவது நம்மூர் இணைய நிறுவனத்தின் வாசலில். படம் கிடக்கும் சர்வர் எங்கோ வெளிநாட்டில். டொராண்டோவில் இருந்து பார்ப்பவரை அந்த உத்தரவு தொடாது. இங்கேயே விபிஎன் (இருக்கும் இடத்தை மறைக்கும் செயலி) போட்டவரையும் தொடாது. அங்கும் முடக்க வேண்டுமானால் அந்தந்த நாட்டு நீதிமன்றத்தில் தனித்தனியாகப் படியேற வேண்டும். கனடாவில் 2019 முதல் அதற்கு வழி இருக்கிறது, பிரிட்டனில் 2011 முதலே. அமெரிக்காவில் அப்படியொரு தனிச் சட்டம் கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2012-ல் கைவிட்டார்கள்.

2012-ல் ‘3’ படத்துக்காக வாங்கிய தடையில் விமியோ போன்ற வீடியோ தளங்களே மொத்தமாக அடைபட்டன. பிறகு, குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும் முடக்கினால் போதும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நியாயம்தான். ஆனால் திருட்டுத் தளம் முகவரியின் வாலை மாற்றிக்கொண்டு மறுநாளே வந்துவிடும். 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது: புதிதாக முளைக்கும் நகல் தளங்களை, புது வழக்கு இல்லாமலே, நீதிமன்றத்தின் இணைப் பதிவாளரிடம் சொல்லிப் பட்டியலில் சேர்க்கலாம். 2023-ல் இனிமேல் எடுக்கப்போகும் படைப்புகளுக்கும் அந்தப் பாதுகாப்பை நீட்டியது. நீதிமன்றமே வேண்டாம் என்பவர்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாம். 48 மணி நேரத்தில் நடவடிக்கை என்பது அறிவிப்பு.

இரண்டாவது வழி, அமெரிக்காவின் 1998 டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, திருட்டுப் பிரதியை நீக்கச் சொல்லித் தளத்துக்கு அனுப்பும் நோட்டீஸ். வக்கீல் வேண்டாம், கோர்ட் கட்டணம் இல்லை. படத்தின் பெயர், திருட்டு இணைப்பு, உரிமை நம்முடையது என்ற உறுதிமொழி, கையெழுத்து, அவ்வளவுதான். கூகுள் தேடலிலிருந்தும் யூடியூபிலிருந்தும் நீக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. எதிர்த்தரப்பு மறுத்து எழுதினால் நாம் பத்துப் பதினான்கு வேலை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்; இல்லையென்றால் இணைப்பு திரும்பி வந்துவிடும். ஆனால் மறுத்து எழுதுகிறவன் சொந்தப் பெயர், முகவரி தந்து அமெரிக்க நீதிமன்றத்துக்கும் கட்டுப்பட வேண்டும். எந்தத் திருடன் விலாசம் எழுதிக் கொடுப்பான்?

சிக்கல், தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் நின்று சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைத்தரகர்களிடம். “படம் எங்களிடம் இல்லை, சர்வர்காரர் இவர்” என்று கைகாட்டுவார்கள். அந்தச் சர்வர்காரர் அமெரிக்கச் சட்டம் எட்டாத நாட்டில் இருந்தால் நோட்டீஸ் அவருக்கு வெறும் மின்னஞ்சல்.

மூன்றாவது, ஆளையே பிடிப்பது. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டரில் ‘ராயன்’ படத்தைப் பதிவு செய்ததாக ஒருவரைக் கொச்சி சைபர் போலீஸ் கைது செய்தது. ஆள் நம் எல்லைக்குள் இருந்தால் இது நடக்கும். 2023 திருத்தச் சட்டப்படி குறைந்தது 3 மாதச் சிறை, 3 லட்சம் அபராதம் என்ற பயமும் இருக்கிறது. தளத்தை நடத்துபவர் வெளிநாட்டில் என்றால் கதை வேறு. கோப்புப் பகிர்வுத் தளமான மெகாஅப்லோடின் நிறுவனர் கிம் டாட்காம் நியூசிலாந்தில் கைதானது 2012 ஜனவரியில். அவரை ஒப்படைக்க அந்நாட்டு அமைச்சர் கையெழுத்திட்டது 2024 ஆகஸ்டில். கேட்டது அமெரிக்க அரசு, அதற்கே பன்னிரண்டு வருடம்.

கோடம்பாக்கத்துச் சிறு தயாரிப்பாளர் யாராவது என்னிடம் கேட்டால், தடையுத்தரவை ரிலீஸுக்கு முன்பே வாங்கி வையுங்கள் என்பேன். வெள்ளி, சனி, ஞாயிறு உள்ளூர் வசூலுக்கு அது உதவும். மிச்சப் பணத்தில் விடிய விடிய உட்கார்ந்து நோட்டீஸ் அனுப்ப இரண்டு பிள்ளைகளைப் போடுங்கள். வெளிநாட்டில் இருப்பவனைத் துரத்தும் வேலையைத் தயாரிப்பாளர் சங்கமும் போலீஸும் பார்க்கட்டும்.