உள்ளே சென்ற கிருஷ்ண ஐயர், வெளியே நின்ற கண்ணபிரான்

தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் சித்தூர் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று பாலக்காட்டு மாவட்டத்தில் உள்ளது, மற்றது ஆந்திரத்தில். இரண்டு வட்டாரங்களிலும் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. இரண்டிலும் அவர்களுக்கு வீட்டு மொழி வேறு, காவல் நிலையத்து மொழி வேறு. இந்த எல்லைப் பகுதிகளில் மனித உரிமை வழக்குகளை எடுத்து நடத்தும் இளம் வழக்கறிஞர்களிடம், பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்ததுமே, ஏதாவதொரு கட்சி வந்து பேசுகிறது. போனால் சட்டமன்றம், அதிர்ஷ்டம் இருந்தால் அமைச்சர் பதவி. போகாவிட்டால் கடைசிவரை கறுப்புக் கோட்டும் கட்டணம் தர முடியாத கட்சிக்காரர்களும். எது மேல் என்ற கேள்விக்கு விடை தேட, இரண்டு எல்லைகளுக்கும் உரிய இரண்டு மனிதர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாமவர் வி. ஆர். கிருஷ்ண ஐயர், பாலக்காட்டு வைத்தியநாதபுரம் அக்ரஹாரத்தைச் சேர்ந்தவர். தலைச்சேரியில் தந்தையோடு வக்கீல் தொழில் பார்த்தபோது தொழிலாளர்களுக்கும் குத்தகை விவசாயிகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் வழக்காடினார். அதற்குப் பரிசாக 1948 இல் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் இருந்தார். 1957 இல் இடதுசாரி ஆதரவுடன் சுயேச்சையாக வென்று, இ. எம். எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் சேர்ந்தார். சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் எனப் பல துறைகள் அவர் கைக்கு வந்தன. இரண்டாமவர் கே. ஜி. கண்ணபிரான். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, நெல்லூரில் வளர்ந்து, சென்னையில் படித்து, ஐதராபாத்தில் வழக்காடியவர். பார்வதிபுரம் சதி வழக்கு, செகந்திராபாத் சதி வழக்கு ஆகியவற்றில் நக்சலைட்டுகளுக்காக வாதிட்டார். 1978 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் குழுவின் தலைவராக இருந்தார். எந்த அரசிலும் பதவி வகிக்காமலே 2010 டிசம்பரில் மறைந்தார்.

அமைச்சர் பதவியால் என்ன கிடைத்தது என்று கேட்டால், பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்கள் முதலில் தண்ணீரைத்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே மாதத்தில் என்றாலும், அது நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்படும் நாள் 1958 நவம்பர் 9, அதாவது அந்த அமைச்சரவையின் காலம். அதன்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரைத் தமிழ்நாடு கேரளத்திற்குத் தர வேண்டும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் தமிழ் விவசாயிக்கு இந்த எண் வாய்ப்பாடு போல மனப்பாடம். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் அவர் கேரள அரசின் பக்கம் நின்று தமிழ்நாட்டிடம் கேட்கிறார் என்பது எல்லை வாழ்க்கையின் வேடிக்கைகளில் ஒன்று. எத்தனை திறமையான வழக்கறிஞரானாலும் ஒரு மனுவைப் போட்டு இப்படியொரு கணக்கைப் பெற்றுவிட முடியாது. அதற்கு மேசையின் மறுபுறம் உட்காரும் அதிகாரம் வேண்டும்.

இரண்டாவது, சட்ட உதவி. ஏழைகளுக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் வைக்கும் விதிகளைக் கேரளம் 1957 லேயே கொண்டுவந்தது. அந்த எண்ணத்தைக் கிருஷ்ண ஐயர் பிறகு தில்லிக்கும் எடுத்துச் சென்றார். 1973 இல் மத்திய அரசின் சட்ட உதவிக் குழுவுக்குத் தலைமை வகித்து அறிக்கை தந்தார். 1976 இல் அரசமைப்பில் 39ஏ பிரிவு சேர்ந்ததற்கும், 1987 இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்ததற்கும் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. இன்று தாலுக்கா நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழுவின் அறையைத் தேடிப் போகிறவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அறை திறந்திருந்தால் போதும்.

ஆனால் அதே அமைச்சரவையின் மறுபக்கத்தை மூணாறு தோட்டத் தொழிலாளர்கள் மறக்கவில்லை. தொழில் தகராறுகளில் முதலாளிக்கு ஆதரவாகக் காவல்துறை தலையிடாது என்று அறிவித்த அரசு அது. அப்படியிருந்தும் 1958 ஜூலையில் கொல்லம் அருகே சந்தனத்தோப்பிலும், அதே ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது மூணாற்றிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது எந்தத் துறை யாரிடம் இருந்தது என்று ஆராய்வது இங்கே பெரிய விஷயமல்ல. அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு. தலைச்சேரி வக்கீலாக மட்டுமே இருந்திருந்தால், சுடப்பட்டவர்களின் குடும்பத்திற்காகக் கிருஷ்ண ஐயர் முதல் ஆளாக வந்து நின்றிருப்பார். அமைச்சரான பிறகு அந்த இடம் அவருக்கு இல்லை. என் கணக்கில் உள்ளே போவதன் உண்மையான விலை இதுதான். கொள்கை மாறிவிடுகிறது என்று பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டைவிட இது கனமானது. கொள்கை மாறாத நல்ல மனிதரும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கண்ணபிரான் அந்த விலையைக் கொடுக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆந்திரத்தில் நடந்த 'என்கவுன்டர்'களை ஆராய 1977 இல் அமைந்த தார்குண்டே குழுவில் பணியாற்றினார். பின்னர் அரசு அமைத்த பார்கவா விசாரணை ஆணையத்தின் முன் காவலர்களைக் குறுக்கு விசாரணை செய்தார். விசாரணையை மூடிய அறைக்குள் நடத்துவதென்று முடிவானதும் உரிமை அமைப்பினர் வெளியேறினர். ஆணையங்கள் வந்து போயின, சுடுவது நிற்கவில்லை. 'என்கவுன்டர்' சாவு ஒவ்வொன்றுக்கும் கொலை வழக்குப் பதிய வேண்டும் என்று அவரும் சக உரிமை வழக்கறிஞர் பாலகோபாலும் பல்லாண்டுகள் வாதாடியதன் பயனாக, 2009 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. டிஎம்சியில் அளந்து காட்ட இந்தப் பக்கம் எதுவும் இல்லை.

இருவரின் பாதைகளும் சந்தித்த வழக்கு ஒன்று உண்டு. பூமையா, கிஷ்ட கௌடு என்ற இரண்டு ஆந்திர விவசாயிகளின் தூக்கை நிறுத்தப் போராடிய வழக்கறிஞர்களுள் கண்ணபிரானும் ஒருவர். வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தபோது அங்கே நீதிபதியாக இருந்தவர் கிருஷ்ண ஐயர். கருணை காட்டுவது நிர்வாகத்தின் அதிகாரம் என்று சொல்லி மனு தள்ளுபடியானது. 1975 டிசம்பர் 1 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டனர். மரண தண்டனையைப் பிற்காலத்தில் அவ்வளவு கடுமையாக எதிர்த்த நீதிபதியின் கையையும் அன்று அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி கட்டிப்போட்டது.

நியாயமாகச் சொன்னால், கிருஷ்ண ஐயரின் உரிமைப் பணியில் மிக உயர்ந்த பகுதி அமைச்சர் காலத்தில் நிகழவில்லை. 1978 இல் மோதிராம் வழக்கில், பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்கப்பட்ட ஒரு கொத்தனாரை ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். கொத்தனாரின் சகோதரர் தர முன்வந்த ஜாமீனை, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கீழ் நீதிமன்றம் நிராகரித்திருந்தது. தொலைவில் எங்கோ கைதாகும் மலையாளியும் தமிழனும் தெலுங்கனும் அந்த ஊரில் நிலமுள்ள ஜாமீன்தாரரை எங்கே தேடுவார்கள் என்று அத்தீர்ப்பில் அவர் கேட்டார். வாளையாறு எல்லையைத் தாண்டிக் கேரளத்தில் பிடிபடும் பொள்ளாச்சிக்காரரிடம் உள்ளூர் ஆளும் கரம் அடைத்த ரசீதும் கேட்கப்படும்போது, வழக்கறிஞர் இன்றும் எடுத்து நீட்ட வேண்டிய தீர்ப்பு அது. அடுத்த ஆண்டு திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார். சிறையைக் கைதியாகவும் அமைச்சராகவும் பார்த்தவர் அந்தத் தீர்ப்புகளை எழுதினார் என்பதால், அமைச்சர் காலம் வீண் என்று சொல்ல மாட்டேன்.

அவருக்கு வாய்த்த இரண்டு வசதிகளை மட்டும் மறக்கக் கூடாது. கட்சிச் சீட்டில்லாமல் சுயேச்சையாக உள்ளே போனார். 1959 ஜூலை 31 அன்று அமைச்சரவை கலைக்கப்பட்டதும் அடுத்த மாதமே வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார். இன்று வந்து பேசும் கட்சி இந்த இரண்டையும் தராது. சேரும் நாளிலேயே உறுப்பினர் அட்டை, வழக்குகளை விட்டுவிட ஒரு தேதி.

ஆகவே பாலக்காட்டுச் சித்தூரில் தண்ணீர், பள்ளிக்கூடம், சட்ட உதவி என்று கேட்கும் வழக்கறிஞர் உள்ளே போகலாம். ஆந்திரச் சித்தூரின் கதை வேறு. 2015 ஏப்ரல் 7 அன்று அந்த மாவட்டத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று தமிழகத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, திருவண்ணாமலையிலும் தருமபுரியிலும் இருந்த குடும்பங்களுக்குத் தேவைப்பட்டவர் பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு நீதிமன்றப் படியேறும் வழக்கறிஞர். சுட்ட காவல்துறையோடு ஒரே அரசில் அமர்ந்திருப்பவரால் அந்த வேலையைச் செய்ய முடியாது.