பதினாறில் ஒரு கோர்: ஒரு புராசசரும் அதன் வாரண்டியும்

பதினாறு கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் அலகு) கொண்ட இந்தப் புராசசரை வாங்கிப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய கணினியில் இரவு முழுவதும் ஓடிய வேலை இதில் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. வேகத்துக்காக மட்டும் வாங்குபவர் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றிப் பாதுகாப்பது என் தொழில். இரைச்சலை நீக்கி, ஒலித்தரம் குறையாமல் சுருக்கி, பிறகு அதை விரித்துப் பார்த்து, சுருக்கும் முன் இருந்த கோப்போடு ஒப்பிடுவேன். எட்டாம் மாதத்தில் ஒரு நாள், நாற்பது கோப்புகளில் ஒன்று ஒப்பீட்டில் தவறியது. மறுபடி சுருக்கினேன், சரியாக வந்தது. இரண்டு நாள் கழித்து வேறொரு கோப்பு. திரை உறையவில்லை, கணினி அணையவில்லை, ஓர் எச்சரிக்கைகூட இல்லை. ராம் நினைவகம்தான் காரணம் என்று நினைத்து இரவெல்லாம் சோதித்தேன், பழுதில்லை. ஹார்ட் டிஸ்க்கை மாற்றியும் பயனில்லை. கடைசியில், ஒரே கோப்பை ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாக நூறு முறை சுருக்க வைத்தேன். பதினைந்து கோர்கள் நூற்றுக்கு நூறு. ஆறாவது கோர் மட்டும் மூன்று முறை தவறியது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அதிசயம் இல்லை. சில ஆயிரம் கணினிகளுக்கு ஒரு சில என்ற அளவில் இத்தகைய கோர்கள் இருப்பதாக 2021இல் கூகுள் பொறியாளர்கள் எழுதினார்கள். அதே ஆண்டில் பேஸ்புக் பொறியாளர்கள் காட்டிய ஒரு கோர், 1.1இன் 53ஆம் அடுக்கில் முழு எண் பகுதி என்ன என்று கேட்டால் 156 என்பதற்குப் பதில் 0 என்றது. அவர்களிடம் இதைத் தேடிப் பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஒற்றைக் கணினியை வைத்திருப்பவர் கண்டுபிடிப்பது எப்படி?

வாரண்டி சேவைக்கு வருகிறேன். முதல் பதில் ஒரே நாளில், மரியாதையாக வந்தது. புராசசர் மேலுள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அதற்குக் குளிர்விப்பானைக் கழற்றிப் பசையைத் துடைக்க வேண்டும், செய்தேன். ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டினேனா என்று கேட்டார்கள். இல்லை என்றேன், கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயோஸ் திரையையும் படம் எடுத்து அனுப்பினேன். பிறகு, தங்கள் சோதனை மென்பொருளில் தேறிவிட்டால் பழுதாகக் கருத இயலாது என்று எழுதினார்கள். சில நிமிடங்கள் மட்டுமே ஓடும் சோதனை அது! நூற்றில் மூன்று முறை தவறும் கோர் அதில் தேறத்தான் செய்யும். நூறு ஓட்டங்களின் பதிவையும் இணைத்து நான்காவது கடிதம் எழுதிய பிறகே ஒப்புக்கொண்டார்கள். மொத்தம் 23 நாட்கள். மாற்றாக வந்த புராசசரின் பதினாறு கோர்களும் சரியாகக் கணக்கிடுகின்றன.

நிரூபிக்கும் சுமையை வாங்கியவர் தலையில் ஏற்றுவது பழைய வழக்கம். 1994இல் பென்டியம் புராசசர் சில வகுத்தல்களில் தவறுவதைக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். வகுத்தலுக்காக உள்ளிருந்த அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. அவர் சொல்லும் முன்பே அதைத் தயாரித்த இன்டெலுக்கு அது தெரியும். ஆனாலும், துல்லியக் கணக்கு தேவைப்படுகிறது என்று காட்டுபவருக்கே மாற்றித் தருவோம் என்றது. பென்டியம் கணினிகளின் விற்பனையை ஐபிஎம் நிறுத்திய பிறகு, டிசம்பர் 20 அன்று, கேட்பவர் எல்லோருக்கும் மாற்றித் தர இறங்கி வந்தது. 47.5 கோடி டாலர் செலவானது. கேள்வி கேட்காமல் மாற்றித் தருவதுதான் முதல் நாளிலேயே சரியான முடிவாக இருந்திருக்கும். தவறாக வகுக்கும் இயந்திரத்தை விற்றுவிட்டு, உனக்கு வகுத்தல் எதற்கு என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

ஏஎம்டியின் பீனம் புராசசரில் பிழை வெளிப்பட்டபோது, 2008இல் திருத்திய பதிப்பை 50 என்று முடியும் மாடல் எண்களோடு விற்றார்கள். பெட்டியைப் பார்த்தாலே எது திருத்தியது என்று தெரிந்தது. அந்தத் தெளிவைத்தான் நானும் கேட்டேன். என் புராசசர் எந்தத் தயாரிப்புத் தொகுதி? முதல் நாளிலிருந்தே தவறியதா, போகப் போகத் தேய்ந்ததா? இதே தொகுதியை வாங்கிய மற்றவர்களுக்குச் சொல்வீர்களா? இத்தகைய விவரங்களை வெளியிடுவதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

இந்தப் பதிலுக்காகவே சேவைக்கு ஐந்தில் இரண்டுதான் தருகிறேன். பழுது தொடங்கிய தேதி தெரியாமல் எந்த வேலையை நம்புவது? சுருக்கியதைச் சரிபார்க்க ஒப்பிடும் கோப்பு இருந்தது. அதற்கு முன் செய்த இரைச்சல் நீக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் அந்த எட்டு மாதங்களில் செய்த 640 பதிவுகளையும் புதிய புராசசரில் மறுபடி ஓட்டிப் பழையதோடு ஒப்பிட்டு வருகிறேன். இதுவரை 212 முடிந்திருக்கின்றன. இரண்டு வேறுபட்டன.