சார்ட்டர் விமானப் புரோக்கர், இரண்டு வருட அனுபவம்: 5க்கு 3

கோவையில் ஒரு மெஷினரி கம்பெனியில் டிராவல் பார்க்கிறேன். முதலாளிக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கும் எப்போதாவது சார்ட்டர், அதாவது ஒரு தனி விமானத்தையே வாடகைக்குப் பிடிக்க வேண்டி வரும். இரண்டு வருடமாக வடக்கே உள்ள ஒரு புரோக்கரிடம் மட்டும்தான் போய்க்கொண்டிருக்கிறேன். பேர் வேண்டாம், திட்டப் போகிறேன், பாதி பாராட்டவும் போகிறேன்.

முதல் புக்கிங்கே உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு. 2023 நவம்பர் 19, அகமதாபாத். இந்தியா ஃபைனலுக்கு வந்துவிட்டது என்றதும் முதலாளி "ஆறு பேருக்கு ஒரு பிளேன் பாருப்பா" என்றார். கிங் ஏர் என்ற சின்ன டர்போபிராப் (புரொபெல்லர் வைத்த விமானம்) கிடைத்தது, கோவையிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கொட்டேஷனைப் பார்த்து, சரி, போக வர ஆறு மணி நேரக் காசு என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பில் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. விமானம் நம் ஊரில் நிற்பதில்லை. அது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து காலியாகக் கிளம்பி நம்மை ஏற்ற வருவதற்கும், இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவதற்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். அது போதாதென்று, அன்றைக்கு அகமதாபாத்தில் தனி விமானங்கள் வந்து குவிந்ததில் நிறுத்த இடமில்லை. எங்களை இறக்கிவிட்டு விமானம் வடோதராவுக்குப் போய் நின்று, மேட்ச் முடிந்ததும் திரும்பி வந்தது. அந்தச் செலவும் எங்கள் தலையில். மேட்ச் தோற்றது வேறு கதை.

என் புகார் செலவைப் பற்றியது அல்ல. பார்க்கிங் கிடைக்காது என்பது புரோக்கருக்கு இரண்டு நாள் முன்பே தெரியும், எங்களுக்குச் சொன்னது விமானத்தில் ஏறும் அன்று காலையில். அதற்குத்தான் இரண்டு ஸ்டார் வெட்டு.

அடுத்தது 2024 ஏப்ரல். ஓசூர் பக்கம் புது யூனிட்டுக்கு பூஜை, பெரிய வாடிக்கையாளர் ஒருவரை ஹெலிகாப்டரில் கூட்டிப்போக ஆசை. மூன்று வாரம் முன்பே கேட்டேன், இல்லை என்றார்கள். தேர்தல் நேரம். ஏப்ரல் 19 தொடங்கி ஜூன் 1 வரை ஏழு கட்டமாக வாக்குப்பதிவு. தமிழ்நாடு முதல் கட்டத்திலேயே முடிந்தாலும் ஹெலிகாப்டர் ஒன்றும் சும்மா வந்து நிற்காது, அப்படியே கர்நாடகா, ஆந்திரா என்று அடுத்த கட்டத்துக்குப் பறந்துவிடும். கட்சிகள் ஒரு நாள் இரண்டு நாள் என்று எடுப்பதில்லை, பிரச்சாரம் முடியும் வரை மொத்தமாகப் பேசி எடுத்துவிடுகின்றன. அதிலும் இரட்டை எஞ்சின் மெஷின்தான் முதலில் காணாமல் போகும். ஒற்றை எஞ்சின் ஒன்று இருக்கிறது என்று சொன்ன விலையைக் கேட்டு முதலாளி சிரித்துவிட்டார். எல்லோரும் இன்னோவாவில் போனோம், பூஜை நன்றாகவே நடந்தது. முகூர்த்த நாளில் மண்டபமும் சமையல்காரரும் கிடைக்காத மாதிரிதான் இதுவும், யாரையும் குறை சொல்ல முடியாது.

பாராட்ட வேண்டியது மிக்ஜாம் புயல் சமயத்தில் செய்ததை. சென்னையில் எங்கள் வெளிநாட்டு விருந்தினர் இருவர், 2023 டிசம்பர் 4 திங்கள் காலைக்கு விமானம் சொல்லியிருந்தோம். சனிக்கிழமை இரவே புரோக்கர் கூப்பிட்டு, திங்கள் நம்ப வேண்டாம், ஞாயிறு காலையிலேயே ஏற்றிவிடுங்கள் என்றார். கூடுதல் காசு கேட்கவில்லை. திங்களன்று சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், ரன்வேயில் தண்ணீர். அந்த இரண்டு பேரும் அப்போது கோவையில் அன்னபூர்ணாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்காகவே நான் ஆளை மாற்றவில்லை.

அப்புறம் 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி நாடே திண்டாடியதே, அந்த வாரம். சாதாரண டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு போட்டது, அதிகபட்சமே 18,000 ரூபாய். சார்ட்டருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஏற்கெனவே வடக்கே கல்யாண சீசன், உதய்பூர், ஜெய்ப்பூர் என்று விமானங்கள் எல்லாம் அங்கே. காலையில் வாங்கிய கொட்டேஷனோடு முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வருவதற்குள், "அது போயிடுச்சு சார், இப்போ இருக்கறது இது" என்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஒன்று. கோபம் வந்தது, ஆனால் பணம் கட்டும் வரை விமானம் நம்முடையதல்ல என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவர்களிடமோ வேறு யாரிடமோ போகிறவர்கள் கேட்க வேண்டியது: விமானம் எங்கிருந்து வருகிறது, இரவு எங்கே நிற்கும், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரத்துக்கு பில், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா. சேலம் மாதிரி சின்ன விமான நிலையம் என்றால் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதையும் கேளுங்கள். விமானத்தை ஓட்டும் கம்பெனிக்கு, வாடகைக்கு ஓட்ட டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பெர்மிட் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சீசனில் சொந்த உபயோக விமானத்தை ரகசியமாக வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு, மலிவாகக் கிடைக்கிறதே என்று போய் மாட்டாதீர்கள். தேதியில் பிடிவாதம் இல்லையென்றால் எம்ப்டி லெக் இருக்கிறதா என்று கேளுங்கள், காலியாகத் திரும்புகிற விமானம் நல்ல விலைக்குக் கிடைக்கும். எங்களுக்கு ஒரே ஒரு தடவை, ஆடி மாதத்தில் அமைந்தது.

ஜனவரியில் டெல்லி போக வேண்டும். காலை பத்து மணி மீட்டிங்குக்கு அன்றே விடியற்காலை கிளம்பலாமா என்றேன். பனிமூட்டத்தில் இந்தச் சின்ன விமானம் இறங்காது, முந்தின நாள் மதியமே போய்விடுங்கள், ஹோட்டல் செலவு விமானத்தை ஜெய்ப்பூருக்குத் திருப்புவதைவிடக் குறைவு என்றார்கள். பரவாயில்லை, இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.