காவிச் சுண்ணாம்பா, டெரகோட்டா எமல்ஷனா?

வரவேற்பறையில் ஒரு சுவருக்காவது சுட்ட மண்ணின் நிறம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். கடையில் கலந்து தரும் எமல்ஷன் பெயிண்டா, சுண்ணாம்பில் காவிப்பொடி கலந்து அடிப்பதா என்பதுதான் அடுத்த குழப்பம்.

செலவு: சுண்ணாம்பு மிக மலிவு. எமல்ஷனில் பெயிண்டோடு பட்டி, பிரைமர், கூலி என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

நிறம்: எமல்ஷனில் அட்டையில் பார்த்த நிறம் ஏறக்குறைய அப்படியே வரும். காவிச் சுண்ணாம்பு ஈரத்தில் செங்கல்லைப் போல அடர்ந்திருக்கும். காய்ந்ததும் நன்றாக வெளிறிவிடும். ஆகவே ஒரு முழச் சதுரம் அடித்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு அடிக்கும் மட்டை போன தடம் லேசாகத் தெரியும். மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்த மேடுபள்ளம்தான் அழகு. எமல்ஷன் அதன் பக்கத்தில் தட்டையாகத் தெரிகிறது; என் பாரபட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தாங்கும் திறன்: எமல்ஷனை ஈரத்துணியால் துடைக்கலாம். காவிச் சுவரில் சாய்ந்தால் வெள்ளைச் சட்டை துறவறம் பூண்டுவிடும். பசை கலந்தால் ஓரளவு குறையும், அவ்வளவுதான்.

ஈரம்: சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூச்சுவிட வைக்கும். ஓதம் ஏறும் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் எமல்ஷன் கொப்பளித்து உரியும்.

காரைச் சுவருக்கும் திண்ணைக்கும் காவிச் சுண்ணாம்பு. குழந்தைகள் கிறுக்கும் வீட்டுக்கும், முன்பே எமல்ஷன் அடித்த சுவருக்கும் எமல்ஷன்தான். அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காமல் உதிரும். சுண்ணாம்பு கலக்கும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.