தக்கைப்பூண்டா, நார்க்கழிவா, கரியா: மண்ணுல கார்பன் எதுல நிக்கும்?

மண்ணுல கார்பன் சேக்கணும்னு இப்ப எல்லாரும் பேசுறாங்க, அதுக்குன்னு மானியமும் வருது, ஆனா மானியம் வர்ற முறைதான் கார்பன அதிகமா நிறுத்துதான்னு பாத்தா இல்லங்க. 2024-25 தமிழ்நாடு வேளாண் பட்ஜெட்ல வந்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்துல பசுந்தாள் உர விதைக்கு (பச்சையா வளத்து அப்படியே மண்ணுல மடக்கி உழுற பயிரோட விதை) 2 லட்சம் ஏக்கர், 20 கோடி ரூபா ஒதுக்குனாங்க. வகுத்தா ஏக்கருக்கு ஆயிரம். அந்த ஆயிரத்துக்கு காவிரி டெல்டா வயல்ல என்ன கிடைக்குதுன்னு பாப்போம்.

பசுந்தாள் பயிர்ல ஒண்ணான தக்கைப்பூண்டுக்கு ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள்ல பூ எடுக்குறப்போ மடக்கி உழுதுடணும். அப்ப ஒரு செடிய வேரோட பிடுங்கி, வேர் முடிச்ச நகத்தால கிள்ளிப் பாருங்க, உள்ள இளஞ்சிவப்பா இருந்தா தழைச்சத்து பிடிக்கிற வேலை ஜோரா நடக்குதுன்னு அர்த்தம். நல்லா வந்தா 8லருந்து 10 டன் பச்சை கிடைக்கும். கேக்கப் பெருசுதான், ஆனா முக்கால்வாசிக்கு மேல தண்ணி, காஞ்ச எடை ரெண்டு டன்னுன்னு வச்சாலும் கார்பன் ஒரு டன்னு கூட தேறாது, அதுவும் இளம் தழைங்கிறதால நம்ம சூட்டுக்கு சீக்கிரமே மக்கி பெரும்பகுதி காத்துல போயிடும். போதாக்குறைக்கு உழுத கையோட தண்ணி கட்டி நிறுத்துனா மீத்தேன் கிளம்பும், அது 100 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைட விட சுமார் 27 மடங்கு சூடேத்துற வாயு. யூரியா செலவக் குறைக்க தக்கைப்பூண்ட அடிச்சுக்க ஆளில்ல, களர் நிலத்துக்கும் அதான் மருந்து. கார்பன் சேமிப்புன்னு சொன்னாத்தான் எனக்கு ஒத்துக்க மனசு வரல.

நேரமும் இடிக்குது. மேட்டூர் அணை ஜூன் 12 தொறந்தா, குறுவை நெல்லுக்கு முன்னாடி 45 நாள் வேணும்னா ஏப்ரல் கடைசியிலயே விதைக்கணும், போர்வெல் இல்லாதவங்க கோடை மழைய நம்பித்தான் இறங்கணும். விதை லேட்டா கைக்கு வந்தா பின்னாடி நடுற சம்பாக்காரங்களுக்குத்தான் உதவும். நாள் தள்ளி உழுதா தண்டு நார் ஏறி ரொட்டவேட்டர்ல (டிராக்டர்ல மாட்டுற சுழல் கலப்பை) சுத்திக்கும், அது வேற தொல்லை.

மக்க வச்ச தென்னை நார்க்கழிவு இதுக்கு நேர் எதிர். லிக்னின் (மரத்தக் கெட்டியாக்குற பொருள்) அதிகம், மெதுவாத்தான் சிதையும், அதனால கார்பன் தங்கும். ஆனா பச்சையா கொட்டக்கூடாது, சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்கா போட்டு மக்க வைக்கணும். தென்னை நிறைஞ்ச பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம்னா சரி, தூரமா இருந்தா லாரி வாடகையே கழுத்த நெரிச்சிடும்.

உழாம விடுறதுக்கு வெளிநாட்டுல காசு குடுக்குறாங்கன்னு வியந்து பேசுறோம், நம்ம ஊர்ல நெல் தரிசு உளுந்து காலங்காலமா அதுதானே? அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, மண்ணு மெழுகு பதத்துல இருக்கப்போ நிக்கிற நெல்லுக்குள்ளயே விதைய தெளிச்சிடுறது. இப்ப மெஷின் அறுப்பு வந்து சக்கரத்துல பாதி நாத்து நசுங்குது. தப்பிச்சதும் கார்பன் கணக்குல பெருசா நிக்காது, அடுத்த நடவுக்கு சேறு கலக்குறோம்ல, சேத்ததெல்லாம் அங்கயே கலைஞ்சிடும்.

கார்பன் மட்டும்தான் குறின்னா என் ஓட்டு பயோசாருக்கு, அதாவது தலைப்புல சொன்ன கரிக்கு. சீமைக்கருவேலத்த காத்து அதிகம் போகாம சுட்டு கரியாக்கி மண்ணுல சேத்தா பெரும்பகுதி நூறு வருஷம் தாண்டியும் கிடக்கும். ஆனா ஒரு டன் கரிக்கு மூணு நாலு டன் காஞ்ச வெறகு வேணும், சுடுற கூலி வேற, அதோட கரி காரத்தன்மை உள்ளது, ஏற்கெனவே களரா இருக்குற மண்ணுல அள்ளிப் போட்டா வில்லங்கம். செம்மண்ணு, அமில மண்ணுக்குப் பொருந்தும்.

சரி, சேந்துச்சான்னு எப்படித் தெரியும்? மண்வள அட்டைக்கு (மண் பரிசோதனை முடிவு எழுதிக் குடுக்குற அட்டை) மேல் 15 சென்டிமீட்டர் மண்ணத்தான் எடுக்குறோம். ஒரு ஏக்கர்ல அந்த ஆழத்துக்கு சுமார் 900 டன் மண்ணு, அதுல கரிமக் கார்பன் 0.1% ஏறுனாலே 0.9 டன், கார்பன் டை ஆக்சைடா மாத்துனா 3.3 டன். ஆனா அந்த 0.1% வித்தியாசம் ஒரே வயல்ல வரப்போரம் எடுத்த மண்ணுக்கும் நடுவுல எடுத்ததுக்கும் நடுவுலயே வரும்! விதை கிலோவ எண்ணுறது சுலபம், இத எண்ணுறது கஷ்டம், மானியம் விதைக்குப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். எத செஞ்சாலும், தொடங்குறதுக்கு முன்னாடி வயல்ல பத்து இடத்துல எடுத்துக் கலந்து ஒரு டெஸ்ட் போட்டு வைங்க, நாலஞ்சு வருஷம் கழிச்சு அதே மாசம், அதே லேப்ல மறுபடி போடுங்க, நடுவுல வருஷாவருஷம் அட்டையப் பாத்து குஷியாகவும் வேணாம், கவலைப்படவும் வேணாம்.