ஒன்பது வருடம், ஒரே கம்பனியின் விளையாட்டு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 2016 முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஓடுகிறது. பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போகும் விளையாட்டு இது. போயா நாளுக்குப் போயா நாள் கூடுவோம், கதையை நடத்தும் டிஎம் நான்தான். இந்தப் பொழுதுபோக்கில் இதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற ஒரு கம்பனியே பெரிய ஆளாக இருப்பது நல்லதா என்று மேசையில் அடிக்கடி சண்டை வரும்.

ஒன்று மட்டும் உண்மை, ஆள் சேர்ப்பது லேசு. தெஹிவளைச் சிங்கள நண்பனும் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்த தம்பியும் வேறு வேறு இடத்தில் இதே விளையாட்டைப் பழகியவர்கள். ஆனாலும் முதல் நாளே இருபது முகப் பகடையை எடுத்து உருட்டினார்கள். நான் ஒன்றும் விளக்கவில்லை.

விலைதான் வேறு கதை. அடிப்படைப் புத்தகம் மூன்று. ஒன்று கிட்டத்தட்ட 50 டொலர். 2022இல் டொலர் 350 ரூபாயைத் தாண்டியபோது ஒரு புத்தகமே 17,000 ரூபாய்க்கு மேல். நாங்கள் தொடங்கியதே இலவசமாக விட்ட அடிப்படை விதிகளைப் போட்டோக்கொப்பி அடித்துத்தான். அந்த மின்வெட்டுக் காலத்தில் கரெக்டர் ஷீட்டை, அதாவது பாத்திரத்தின் விவரத் தாளை, ஆப்பில் வைத்திருந்த இருவர் சார்ஜ் இல்லாத போனோடு முழித்தார்கள். கொப்பியில் பென்சிலால் எழுதியவர்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில் விளையாடினார்கள்.

எனக்கு மனம் விட்டுப்போனது 2023 ஜனவரியில். விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த விட்டு 2000ஆம் ஆண்டு வந்த ஓஜிஎல் என்ற திறந்த உரிமத்தை நம்பித்தான் பல சின்னப் பதிப்பாளர்கள் பிழைத்தார்கள். 2009இல் பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டு வந்ததும் அதை வைத்துத்தான். அந்த உரிமத்தை இல்லாமல் செய்து, வருடத்துக்கு 750,000 டொலருக்கு மேல் வருமானம் எடுப்பவர்களிடம் பங்கு கேட்கும் வரைவு ஒன்று கசிந்தது. ஆட்கள் கொதித்துப்போய்க் கம்பனியின் இணையச் சந்தாவை வெட்ட, மாதம் முடிவதற்குள் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் பின்வாங்கியது. 400 பக்கத்துக்கு மேற்பட்ட விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டது. விட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

என்னைக் கேட்டால் அந்தக் கம்பனி செய்த பெரிய உபகாரம் இதுதான், அதுவும் கழுத்தைப் பிடித்ததால் செய்தது. மூலம் எது என்று குறிப்பிட்டால் போதும், யாரையும் கேட்காமல் மொழிபெயர்க்கலாம். அக்காவின் மகளுக்காக மந்திரப் பட்டியலைத் தமிழில் எழுதி வருகிறேன். ஃபயர்போல் ‘தீக்குண்டு’ ஆகிவிட்டது. ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவுக்கு ‘தப்பும் உருட்டு’ என்றேன். மருமகள் இன்னும் சிரிக்கிறாள்.

பாத்ஃபைண்டர் விதிகளும் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. மூன்று தடவை மேசைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். “திரும்ப முதலிலிருந்து படிக்கவோ அண்ணை?” என்று தம்பி கேட்டான். சரி என்று மூடி வைத்துவிட்டுப் பழைய பகடையையே எடுத்தேன்.