வீட்டு முன்பணத்துக்குப் பொறுப்பேற்கும் அறக்கட்டளை: வீடு கொடுத்தவரின் மதிப்புரை

திருப்பூர் அனுப்பர்பாளையத்தை ஒட்டி எங்களுக்கு ஐந்து லைன் வீடுகள் உள்ளன. என் தந்தையார் பாத்திரப் பட்டறை வைத்திருந்த இடத்தில், பட்டறையை மூடிய பிறகு கட்டியவை அவை. வீடிழந்த குடும்பங்களுக்கு மறுபடியும் வாடகை வீடு அமைத்துக் கொடுக்கும் உள்ளூர் அறக்கட்டளை ஒன்றின் வழியாக, 2025 பிப்ரவரியில் அவற்றுள் ஒன்றில் ஒரு குடும்பத்தைக் குடியமர்த்தினேன். அந்தச் சேவை எப்படி நடந்தது என்பதை வீட்டுக்காரன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன். அறக்கட்டளையின் பெயரைச் சொன்னால் அது எந்தக் குடும்பம் என்று எங்கள் தெருவில் உள்ளவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். தேனிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அவர் பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை செய்தவர். மனைவி செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இரு சக்கர வாகன விபத்தில் கணவருக்குக் கால் எலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மனைவியும் பாதி நாள் வேலைக்குப் போக முடியவில்லை. மூன்று மாத வாடகை நின்றதும், முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் பாக்கியை முன்பணத்தில் கழித்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டார். அதன் பிறகு பேருந்து நிலையத்தில் பதினோரு இரவுகளும், உறவினர் வீட்டு மொட்டை மாடியில் சில வாரங்களும் கழிந்திருக்கின்றன. வேலையும் சம்பளமும் மீண்டும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர்களால் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியவில்லை.

காரணத்தை வீட்டுக்காரனாகிய நானே சொல்லலாம். இந்த ஊரில் சனிக்கிழமைதோறும் கையில் கூலி வருகிறது; மாதம் 4,500 ரூபாய் வாடகை தருவது இரண்டு பேர் வேலைக்குப் போகும் குடும்பத்துக்குக் கடினம் என்றாலும் இயலாத காரியம் அன்று. ஆனால் வீடு கேட்டு வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது முன்பணத்தைத்தான். என் வீட்டுக்கு 30,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு முறை தெருவுக்கு வந்துவிட்ட குடும்பம் அந்தத் தொகையை மொத்தமாகச் சேர்ப்பதற்குள், அன்றாடம் கடையில் வாங்கிச் சாப்பிடும் செலவும், பொருள்களை வைக்க இடமில்லாமல் அடிமாட்டு விலைக்கு விற்ற இழப்பும், அவசரத்துக்கு வாங்கிய வட்டிக் கடனும் சேர்ந்து அவர்களை இன்னும் பின்னால் தள்ளிவிடுகின்றன. முன்பணத்தைப் புரட்டினாலும் அடுத்த கேள்வி, ‘உங்களைத் தெரிந்தவர் இந்த ஊரில் யார்?’ என்பது. அதற்கும் அவர்களிடம் பதில் இருப்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியா முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேரை வீடற்றவர்களாகப் பதிவு செய்தது. சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில் நடைமேடை போன்ற இடங்களில் அன்றிரவு தங்கியிருந்தவர்களின் கணக்கு அது. உறவினர் மொட்டை மாடியில் படுத்திருக்கும் குடும்பம் அதில் வராது. அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிகள், ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் அளவில் காப்பகம் அமைய வேண்டும் என்றும், குடும்பங்களுக்கெனத் தனிக் காப்பகங்களும் வேண்டும் என்றும் கூறின. நடைமுறையில் பல காப்பகங்கள் ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு ஓரிடம் என்றுதான் இயங்குகின்றன. கணவனை ஒரு பக்கமும், வயது வந்த மகளோடு மனைவியை வேறொரு பக்கமும் அனுப்ப எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? அதைவிடப் பேருந்து நிலையமே மேல் என்று அவர்கள் இருந்துவிடுகிறார்கள்.

இந்த அறக்கட்டளை அந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது. சில பனியன் கம்பெனி உரிமையாளர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் மாதந்தோறும் போடும் பணத்தில் நடக்கிறது. தங்கள் அலுவலக மாடியில் மூன்று அறைகள் வைத்திருக்கிறார்கள். வருகிற குடும்பத்தைப் பிரிக்காமல் ஓர் அறையில் தங்க வைத்து, அதற்குள் வீடு தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வீடு அமைந்ததும் முன்பணத்தை அறக்கட்டளையே வீட்டுக்காரரிடம் செலுத்துகிறது. அதில் பாதித் தொகை அறக்கட்டளையின் பெயரிலேயே வீட்டுக்காரரிடம் இருக்கும். குடும்பம் காலி செய்யும்போது அது அறக்கட்டளைக்குத் திரும்பும். மீதிப் பாதியை அந்தக் குடும்பம் வட்டியில்லாமல் வாரம் 250 ரூபாயாகச் செலுத்திவர, கட்டக் கட்ட அது குடும்பத்தின் சொந்த முன்பணமாகிறது, வசூலான தொகை அடுத்த குடும்பத்துக்குப் போகிறது. தவணையைச் சனிக்கிழமை மாலையில் வாங்குவது என்ற ஏற்பாடு, இந்த ஊரின் கூலி முறையை அறிந்தவர்கள் செய்தது என்பது பார்த்த உடனே விளங்கியது.

அவர்கள் என்னிடம் வந்தபோது எனக்குத் தயக்கம் இருந்தது. முன்பு ஒரு வீட்டில் வாடகை நின்று, பாக்கி போனது போனதுதான் என்று விட்டவன் நான். வந்த தன்னார்வலர் இளம்பெண். மூவர் கையொப்பமிடும் ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முதல் ஆறு மாதத்தில் இரண்டு மாத வாடகை வரை தவறினால் அறக்கட்டளை கட்டும் என்பது அதில் முதல் விதி. வாடகை தாமதமானால் குடும்பத்தோடு சண்டைக்குப் போகாமல் முதலில் அறக்கட்டளையைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பது இரண்டாவது. “பூட்டுப் போடறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு போன் போடுங்கண்ணா, அது போதுங்க” என்றார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் நகலையும் கொடுத்தார். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது, தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்று அவர் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியபோது, இத்தனை ஆண்டுகள் வாடகை வாங்கியும் இவற்றை நான் அறிந்துகொள்ள முயலவில்லையே என்று வருந்தினேன். முன்பணத்தை 15,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டேன். அதில் குடும்பத்தின் பங்கு 7,500 ரூபாய்; முப்பது வாரத்தில் கட்டி முடிக்கக்கூடியது.

அவர் சுட்டிக்காட்டிய இன்னொன்று மின் கட்டணம். ஐந்து வீட்டுக்கும் ஒரே இணைப்பு வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று நான் வசூலித்து வந்தேன். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தரும் சலுகை, தனி மீட்டர் இல்லாத வாடகைக் குடும்பங்களுக்குப் போய்ச் சேருவதில்லை. எல்லா வீட்டுப் பயன்பாடும் ஒரே கணக்கில் ஏறுவதால் கட்டண விகிதமும் உயர்கிறது. வீடற்றவர்களுக்கு உதவும் அமைப்பு மின் மீட்டரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று முதலில் தோன்றியது. மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சுகிறதா இல்லையா என்பதில்தான் அடுத்த மாத வாடகை நிற்கிறது என்பதை, அந்தக் குடும்பத்தின் வரவு செலவைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு உணர்ந்தேன்.

பிள்ளைகள் விஷயத்தில் அவர்கள் காட்டிய வேகம் பாராட்டத்தக்கது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதால், குடிவந்த மூன்றாம் நாளே இரண்டு பேரும் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குப் போகத் தொடங்கினர். இளையவனுக்குக் காலை உணவும் பள்ளியிலேயே கிடைத்தது. ஊர்ப்பக்கத்து ரேஷன் அட்டையைக் கொண்டே இங்குள்ள கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கவும் தன்னார்வலர் கூடவே சென்று ஏற்பாடு செய்தார்.

குறைகளும் உண்டு. முதலாவது, ஆறு மாதம் முடிந்ததும் தொடர்பு ஏறக்குறைய அறுந்துவிடுகிறது. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஏற்றுமதியை நம்பியிருந்த பல கம்பெனிகளில் ஷிப்ட் குறைந்தது; அந்தப் பெண்ணுக்கும் வாரத்தில் மூன்று நாள் வேலைதான் கிடைத்தது. ஒப்பந்தக் காலம் அந்த மாதத்தோடு முடிந்திருந்தது. வாடகை நின்றது. “அண்ணே, தீவாளிக்குள்ள குடுத்துர்றோம்” என்று அவர் வந்து நின்ற முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கேட்க மனம் வரவில்லை. இரண்டு தவணையாக வாங்கிக்கொண்டேன். எல்லா வீட்டுக்காரரிடமும் இதை எதிர்பார்க்க முடியாது. தொழில் மந்தமாகும் பருவம் இந்த ஊருக்குப் புதிதன்று என்பதால், பொறுப்பேற்கும் காலத்தை ஓராண்டாக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது, சாவி கொடுக்கும் நாளில் நன்கொடையாளர்களை வரவழைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது எனக்கும் என் மனைவிக்கும் மிகுந்த வேதனையளித்தது. “வீடில்லாம நின்னதே போதாதுங்களா, இதுல போட்டோ வேறயா?” என்று என் மனைவி அவர்களிடம் நேரிலேயே கேட்டார். அடுத்த முறையிலிருந்து நிறுத்திவிடுவதாகச் சொன்னார்கள். விண்ணப்பம் தமிழில் மட்டுமே இருப்பதும் சரிசெய்ய வேண்டியது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பத்தோடு வந்து இங்கே உழைப்பவர்கள் பலர் இருக்க, அவர்கள் படிக்க முடியாத தாளை நீட்டுவது பொருத்தமில்லை.

வீடு காலியாக வைத்திருக்கும் கொங்குப் பகுதி வீட்டுக்காரர்களுக்கு இத்தகைய ஏற்பாட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒப்பந்தத்தில் அறக்கட்டளையின் பொறுப்பு எத்தனை மாதம் என்பதையும், அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒழுகல், கழிப்பறை அடைப்பு போன்றவற்றை அவர்கள் வந்து பார்த்த பிறகே சம்மதிப்பார்கள். அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

அந்தக் குடும்பம் இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நடுவில் சில வாரங்கள் விட்டுப்போனாலும் முன்பணத் தவணை முழுவதையும் கட்டி முடித்துவிட்டார்கள். வரிசையில் மூன்றாவது வீடு இப்போது காலியாக உள்ளது. வெள்ளையடித்து, தனி மின் இணைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மீட்டர் பொருத்தியதும் சாவியை அந்தத் தன்னார்வலரிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.